சிவப்பு டேப்பின் தடம்

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். இது என் மச்சானுக்கு உண்மையாக நடந்தது. வீடியோ எடுப்பது அவன் தொழில். எந்நேரமும் ஒரு கண்ணை மூடிக்கொண்டே இருப்பதால் நாங்கள் வைத்த பெயர் ஒத்தக்கண்ணன். பேய் பயமெல்லாம் அவனுக்குக் கிடையாது. கோபம்தான் உண்டு, அதுவும் மூக்கு நுனியில்.

அன்றும் கொதித்துக்கொண்டுதான் மைதானத்தில் நின்றான். பட்டப்பகல். கால்பந்து இறுதி ஆட்டம். பக்கத்தில் பிளக் பாயின்ட் எதுவும் இல்லை. கேமராவின் சொந்த பேட்டரி முழு ஆட்டத்துக்கும் தாங்காது. அதனால் இடுப்பில் பெல்ட் போலக் கட்டும் பெரிய பேட்டரியை ஸ்டூடியோ முதலாளி கொடுத்தனுப்பியிருந்தார். அதிலிருந்து வரும் ஒயரின் முனையை, கேமராவில் பேட்டரி போடும் குழிக்குள் செருக வேண்டும்.

பெல்ட்டைத் தொட்டதும் விரலில் பசை ஒட்டியது. ஓரத்தில் சிவப்பாக ஒரு துணுக்கு. குறுக்காக ஒட்டியிருந்த டேப்பை யாரோ பிய்த்திருக்கிறார்கள். அந்த ஸ்டூடியோவில் சிவப்பு டேப் ஒட்டினால், பேட்டரி உப்பிவிட்டது, தொடாதே என்று அர்த்தம்.

போன் போட்டான்.

"சார், இதுல சிவப்பு டேப் இருந்திருக்கு."

"செல்லெல்லாம் மாத்தியாச்சு. கட்டு."

"மாத்தின மாதிரி தெரியலயே."

"இன்னைக்குப் படம் நின்னுச்சுன்னா, நாளையிலேர்ந்து நீ வர வேணாம்."

வீட்டில் கைக்குழந்தை. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினான். ஸ்டூடியோவில் இருந்த மூத்த கேமராமேனையும் சேர்த்துத் திட்டினான். அண்ணே, அண்ணே என்று இவன் அவர் பின்னாலேயே சுற்றியிருக்கிறான். குழந்தை பிறந்து இவன் லீவில் இருந்தபோது, வேலையை விட்டுவிட்டு வெளியூர் போய்விட்டார் என்று முதலாளி சொன்னார். போன் போட்டாலும் எடுப்பதில்லை. அவர் இருந்திருந்தால் இந்த ஆள் இப்படி ஆடுவானா?

முதல் பாதி ஒழுங்காக ஓடியது. அப்புறம் இடுப்பில் ஏதோ ஊர்ந்தது. விரல்கள். பெல்ட்டின் பக்கிளைத் தடவின. திருட்டுப் பயல் என்று கையை ஓங்கிக்கொண்டு திரும்பினான். பின்னால் வெறும் சுவர்.

மறுபடியும்... அவசர அவசரமாக. நகம் பிளாஸ்டிக்கைக் கீறும் சத்தம். கர்ர்... கர்ர்...

ஹெட்ஃபோனில் மைதானத்தின் கூச்சல் அடங்கியது.

"கழட்டுடா."

தெரிந்த குரல்...

"கழட்டித் தொலைடா!"

டக்.

பக்கிள் தானாகத் திறந்தது. பெல்ட் ஒயரை அறுத்துக்கொண்டு விழுந்து, சரிவில் உருண்டது...

படார்! ஆள் உயரத்துக்குத் தீ.

அறுந்த ஒயர் அந்தரத்தில் ஆடியது. கேமராவுக்குள் வேறு பேட்டரி இல்லை. ஆனாலும் கடைசி விசில் வரை படம் ஓடியது.

அங்கிருந்து நேராக அந்த கேமராமேன் அண்ணன் வீட்டுக்குப் போனான். அண்ணிதான் கதவைத் திறந்தார்.

"அண்ணே வெளியூர்லேர்ந்து வந்துட்டாரா அண்ணி?"

"வெளியூரா? அந்தப் பாவி அப்படியா சொன்னான்?"

ஜோடியாக வாங்கிய இரண்டு பெல்ட்டில் ஒன்று, அண்ணன் இடுப்பிலேயே எரிந்திருக்கிறது. இன்னொன்று உப்பியிருப்பதைப் பார்த்து, அதற்கு முந்தின நாளே சிவப்பு டேப் ஒட்டி வைத்தவரும் அவர்தான்.

"பக்கிள் உருகி ஒட்டிக்கிச்சு தம்பி, கழட்ட முடியல. ஆஸ்பத்திரியில நினைவே வரல. ஆனா கை மட்டும் நிக்கல... உயிர் போற வரைக்கும் இடுப்புல பக்கிளைத் தேடிக்கிட்டே இருந்துச்சு."