மாதா தேரும் சட்டைப் பையில் இருந்த சின்னமும்

தேர்தல் விதியெல்லாம் பெரிய சேனல்களுக்குத்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். எங்களுடையது அம்பத்தூரில் ஒரு மாடி அறையில் ஓடும் லோக்கல் கேபிள் சேனல். பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, திருவிழா நேரலை. இதை எந்த அதிகாரி உட்கார்ந்து பார்க்கப்போகிறார்?

அன்று மாலை ஆறு மணிக்குப் பிரசாரம் ஓய்ந்தது. இனி வாக்குப்பதிவு முடியும்வரை, நாற்பத்தெட்டு மணி நேரம், ஓட்டுக் கேட்கிற எதையும் டிவியில் காட்டக்கூடாது. கட்சி விளம்பரங்களைப் பிளேலிஸ்டிலிருந்து எடுத்துவிட்டு, அயனம்பாக்கம் மாதா தேர்பவனியின் நேரலைக்குப் போனேன். ஒரே கேமரா, தேருக்கு முன்னால் அந்தோணி.

ஆறே காலுக்கு ஒரு வேட்பாளர் மாலை போடத் தேரில் ஏறினார். போட்டவர் இறங்கவில்லை. மாதாவுக்குப் பக்கத்திலேயே கும்பிட்டபடி நின்றார். சட்டைப் பையில் உள்ளங்கை அகலத்துக்குக் கட்சிச் சின்னம். நான் திகைத்து நிற்கும்போதே ஆபீஸ் போன் அடித்தது.

“தேர்தல் கண்காணிப்புக் குழுவுல இருந்து பேசறேம்மா. சின்னம் தெரியுது. உடனே எடுங்க. இல்லன்னா சேனல் மேல நடவடிக்கை வரும்.”

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கோ ஓர் அரசு அலுவலகத்தில் ஒரு பெண் எங்கள் சேனலைக்கூடக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்!

அடுத்து முதலாளி, செல்லில். “அவர வரச்சொன்னதே நாந்தாம்மா. குளோசப்ல காட்டு. கட் பண்ணினா நாளைலேர்ந்து வேலைக்கு வராதே.”

நேரலையை நிறுத்தவும் மனமில்லை. நடக்க முடியாதவர்கள் மெழுகுவத்தி ஏற்றி டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். அந்தோணியின் ஹெட்போனுக்குப் போகும் மைக்கில் சொன்னேன்: “அந்தோணி, கேமராவை எறக்கு.”

“இன்னாக்கா, மாதா கட் ஆவுது!”

“ஆவட்டும். ஜனங்க காலைக் காட்டு.”

முக்கால் மணி நேரம் வெறும் கால்கள். வெடித்த குதிகால், கொலுசு, விரலில் துணிக்கட்டு, பகல் சூடு ஆறாத ரோட்டில் தத்தித் தத்தி வைக்கிற பிஞ்சுப் பாதம். எத்தனையோ பவனி ஒளிபரப்பியிருக்கிறேன், இதை நான் பார்த்ததே இல்லை. கண் நிறைந்துவிட்டது. நடுவே இரண்டு வெளுத்த கால்கள், தார் ரோடு பழகாமல் நொண்டி வந்தன. மறுபடி போன்.

“அது அந்த வேட்பாளர்தானேம்மா? எறங்கிட்டாரா?”

“ஆமா மேடம். எடுக்கணுமா?”

“கால்ல சின்னம் இல்லையே. நடக்கட்டும்.”

முதலாளி கோபமாகத்தான் படியேறி வந்தார். போன் அடிக்க, அவரே எடுத்தார். மேனாம்பேட்டிலிருந்து ஓர் அம்மா, படுத்த படுக்கை.

“விரல்ல கட்டு போட்டுகினு போச்சே, அது என் புள்ள காலு, நைனா! பார்த்துட்டேன்.”

முதலாளி ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நாளைக்கு வழக்கம்போல வந்துடு” என்றார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து எந்த ஷாட்டையும் போடாதீர்கள். ஒரு தாய் தன் மகன் காலைத் தேடிக்கொண்டிருப்பாள்.