சின்னதுரையின் வெறுங்கால்

வெறுங்காலில் நடப்பது போலவே இருக்கும் சப்பாத்து வேண்டும் என்று போன மாதம் ஒருவர் எங்கள் கடைக்கு வந்து கேட்டார். நான் கேகாலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சப்பாத்துக் கடையில் நிற்கிறேன். அடி மெல்லிசாக இருக்க வேண்டுமாம், குதி உயரம் கூடாதாம், விரல்கள் விரிந்து நிற்க இடம் வேண்டுமாம், கல்லை மிதித்தால் கல் என்று காலுக்குத் தெரிய வேண்டுமாம். அவர் சொல்லிக்கொண்டே போக, என்னோடு நிற்கும் அக்கா என் காதோரமாக, "அதுக்கு எதுக்கு நம்மகிட்ட வாறாரு? கழட்டி வச்சிட்டுப் போக வேண்டியதுதானே" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஆள் உள்ளே வந்தது எனக்குக் கேட்டதா, கேட்கவில்லையா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். சத்தமில்லாமல் வருகிற காலை நம்பாத பழக்கம் எனக்கு ஒன்பது வயதிலேயே வந்துவிட்டது.

அப்போது நாங்கள் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். ஒரே மலையில் அடுத்தடுத்து இரண்டு பேருக்கும் மரங்கள். நடுவில் தண்ணீர் ஓடுகிற ஒரு கான். கானுக்கு இந்தப் பக்கம் அப்பாவின் மரங்கள், அந்தப் பக்கம் அம்மாவின் மரங்கள். அந்த வருடத்து மழையில் அப்பா பால் வாளியோடு பாசிப் பாறையில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் கத்தியைப் பிடிக்க மறுத்தன. பால் வெட்டுகிற வேலை பார்க்கத்தான் லேசு. பட்டையில் ஒரு நூல் ஆழம் கூடினாலும் மரத்துக்குக் காயம். மரத்தைக் காயப்படுத்துகிற ஆளைத் தோட்டத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். லீவும் முடிந்துவிட்டது. கை சரியில்லை என்று ஆபீசில் போய்ச் சொன்னால் பேரை வெட்டிவிடுவார்கள், பேர் போனால் நாங்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும் என்று அப்பா பயந்தார்.

அதனால் அம்மா இரண்டு பேருடைய மரங்களையும் வெட்டினாள். விடிவதற்கு முன்பே போய் முதலில் அப்பாவின் மரங்கள், அதன் பிறகுதான் அவளுடையவை. அப்பா முன்னால் போய், முந்திய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை இடது கையால் உரித்து, சிரட்டையைத் துடைத்து வைப்பார். அம்மா பின்னாலேயே வெட்டிக்கொண்டு போவாள். ஒருவருடைய மரத்தில் இன்னொருவர் கத்தி வைக்கக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். சட்டத்தைப் பார்த்துக்கொள்ளக் கங்காணி இருந்தார். அவர் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்பதால், அந்த மலைப்பக்கம் வந்தால் மட்டும் அவருக்குக் கண் கொஞ்சம் மங்கிவிடும். எங்களுக்குப் பயமெல்லாம் உதவி மேனேஜரான சின்னதுரையிடம்தான்.

சின்னதுரை புதிதாக வந்த இளவயதுச் சிங்களவர். காலையில் ஓடுவார். யாரும் துரத்தாமல் ஒரு மனிதர் ஏன் ஓட வேண்டும் என்பதே எங்கள் லயத்தில் பல நாள் பேச்சாக இருந்தது. ஆனாலும் அந்த ஓட்டத்தில் எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. தடித்த அடி வைத்த அவருடைய சப்பாத்து, கிரவல் ரோட்டில் சரக் சரக்கென்று இரண்டு வளைவுக்கு அப்பாலேயே கேட்கும்.

அதைக் கேட்கத்தான் என்னைக் காவல் வைத்தார்கள். மலைக்கு ஏறுகிற வளைவில் ஒரு பாறை. பாடசாலை உடுப்போடு, மடியில் புத்தகத்தோடு அதில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் ஒரு பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணி. சப்பாத்துச் சத்தம் வந்ததும், "அம்மா, தேத்தண்ணி ஆறிப்போச்சு!" என்று மலையைப் பார்த்துக் கத்த வேண்டும். அம்மா கானைத் தாண்டித் தன் பக்கம் போய்விடுவாள். அப்பா அவள் வெட்டி முடித்த மரத்தின் முன்னால் கத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சின்னதுரை கடந்து போகும்போது எல்லாம் சட்டப்படி இருக்கும். திட்டம் அத்தையுடையது. அப்பாவின் அக்கா அவள், பக்கத்துக் காம்பராவில் இருந்தாள். பிளாஸ்க்கும் அவளுடையதுதான்.

முதலில் சப்பாத்து மாறியது. ஒரு நாள் சின்னதுரை காலில் உறை மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது. நான் சொன்னதை அத்தை நம்பவில்லை. மறுநாள் தானே வந்து வேலி மறைவில் நின்று பார்த்தாள்.

"கையில போடுறத காலுல போட்டுக்கிட்டுத் திரியிறாரு. அவ்வளவு படிச்ச மனுசன், எது கை, எது காலுன்னு யாராச்சும் சொல்லக் கூடாதா?"

இரண்டு வாரத்தில் அந்த உறையும் போய்விட்டது. ஒரு காலை, நான் எட்டாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். திரும்பினால் சின்னதுரை. கெண்டைக்கால் வரை சேறு, கணுக்காலில் ஓர் அட்டை, பாதத்தில் ஒன்றுமே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் என்னைக் கடந்து போய்விட்டார். மேலே அம்மா, அப்பாவின் மரத்தில் வைத்த கத்தியோடு அப்படியே நின்றாள். நல்லவேளை, அவர் தலையை நிமிர்த்தவில்லை. நிலத்தையே பார்த்தபடி ஓடி மறைந்தார்.

அன்று மாலை எங்கள் காம்பராவில் விசாரணை நடந்தது.

"கதிர்காமத்துக்கு ஏதும் வேண்டுதலா இருக்கும்" என்றார் அப்பா.

"வேண்டுதல் வச்சவங்க நடப்பாங்க. இவரு ஓடுறாரு" என்றாள் அம்மா.

அத்தை பங்களாவுக்குப் போய்ச் செய்தி கொண்டுவந்திருந்தாள். சின்னதுரைக்கு முழங்கால் வலியாம். தடித்த சப்பாத்துதான் காரணம், வெறுங்காலில் ஓடினால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னார்களாம். சமையல்காரர் சொன்னது.

"முழங்கா நோவுதுன்னா ஓடாம இருக்கணும் அண்ணி. சப்பாத்து என்னா பண்ணுச்சு?" என்றாள் அம்மா.

"அதானே! அந்தக் காலத்துல தொரையக் கண்டா நம்ம ஆளுக செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கணுமாம். இப்ப தொரையே கழட்டிட்டு வாறாரு. இனி நாம எதைக் கழட்டுறது?" என்றாள் அத்தை.

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "சப்பாத்துக்கு வாய் இருக்கு அண்ணி. வெறுங்காலு ஊமை. நமக்குக் கேக்கக் கூடாதுன்னுதான் கழட்டியிருக்காரு" என்றாள். பிறகு, "நெலத்தையே பாத்துக்கிட்டு ஓடுறாரு, கவனிச்சீங்களா? எந்த மரத்தடியில யாரு காலடி கெடக்குன்னு பாக்குறாரு" என்றாள்.

அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து அப்பா தன்னுடைய ஒவ்வொரு மரத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி, பாதத்தை ஈர மண்ணில் அழுத்தி அழுத்தி வைத்தார். அம்மா தன் காலடியை இலையால் கலைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போனாள். வெறுங்காலில் ஓடுகிறவர் முள்ளுக்கும் கல்லுக்கும் பயந்துதான் கீழே பார்ப்பார் என்று, பிறந்ததிலிருந்து வெறுங்காலில் நடந்த எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஊமைக் காலைப் பேசவைக்க நான் ஒரு வேலை செய்தேன். ரப்பர் கொட்டைகள் விழுகிற காலம் அது. அவற்றைப் பாறையில் தேய்த்து, பக்கத்தில் இருப்பவள் கையில் சூடு வைத்து விளையாடுவோம். ஒரு பை நிறையக் கொட்டை பொறுக்கி, பாறைக்குக் கொஞ்சம் கீழே பாதை முழுவதும் பரப்பி, மேலே காய்ந்த இலையைப் போட்டு மூடினேன். மிதித்தால் மொறுமொறுவென்று கேட்கும் என்பது என் கணக்கு.

கேட்டது. மொறு என்று ஒன்று, பிறகு தொம் என்று ஒன்று. ஓடிப்போய்ப் பார்த்தேன். சின்னதுரை பாதையோரக் கானுக்குள் உட்கார்ந்திருந்தார். குதிகாலில் ரத்தம். நான் பயத்தில் கத்தவேண்டியதைக் கத்தினேன். "அம்மா, தேத்தண்ணி ஆறிப்போச்சு!"

அவர் என்னைப் பார்த்தார். பாறை மேலிருந்த பிளாஸ்க்கைப் பார்த்தார். ஒரு கை கொட்டையை அள்ளி, அண்ணாந்து பார்த்தார். அந்த இடத்தில் மேலே ரப்பர் மரமே இல்லை. வெறும் வானம்.

"நங்கி, இது யார் போட்டது?" என்றார். தங்கச்சியை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"மரம் போட்டுச்சுங்க தொரை."

"ஆ... நல்ல மரம்" என்றார். பிறகு மலையைப் பார்த்தார். அம்மா அப்போதுதான் கானைத் தாண்டிக்கொண்டிருந்தாள். அப்பா கத்தியை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். சின்னதுரை வெகுநேரம் பார்த்தார் என்றுதான் எனக்கு ஞாபகம். பிறகு எழுந்து, நொண்டி நொண்டி வந்த வழியே இறங்கிப் போனார்.

அன்று முழுக்க ஆபீசிலிருந்து ஆள் வரும் என்று காத்திருந்தோம். அப்பா வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். ஆள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வந்திருந்தால்கூட அம்மா இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். "எதையோ மனசுல வச்சிருக்காரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நாலாம் நாள் சின்னதுரை திரும்பவும் ஓட வந்தார். குதிகாலில் பிளாஸ்டர், மற்றபடி அதே வெறுங்கால். ஒன்று மட்டும் புதிது. கீழ் வளைவுக்கு வந்ததும் இருமினார். நல்ல பெரிய இருமல், மலையே கேட்கும்படி. நான் கத்தினேன், அம்மா கானைத் தாண்டினாள். அவர் ஓடிப் போய்விட்டார். மறுநாளும் அதே வளைவில் அதே இருமல்.

"உள்ளங்கால் வழியா குளிரு ஏறிப்போச்சு. கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கச் சொல்லணும்" என்றாள் அத்தை. அவளுக்கு மனம் இளகத் தொடங்கியிருந்தது.

அம்மாவுக்கு இளகவில்லை. "இருமல் வாறவங்க எங்க வேணும்னாலும் இருமுவாங்க. இவரு அந்த வளைவுல மட்டுந்தான் இருமுறாரு. இருமுனதும் இவ கத்துறாளா, நான் தாண்டுறனான்னு எண்ணிப் பாக்குறாரு. நாளைக்கு நீ வாயத் தொறக்காத பாப்பா. நானே ரோட்டப் பாத்துக்குறேன்."

அந்த நாளைக்குப் பார்த்து மலையை மூட்டம் மூடிவிட்டது. பாறையிலிருந்து பார்த்தால் அம்மாவின் சட்டை மங்கலாகத் தெரிந்தது. மேலேயிருந்து ரோடு தெரிந்திருக்காது. சின்னதுரை வழக்கத்தைவிட வேகமாக வந்தார். கீழ் வளைவில் இருமினார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்னொரு முறை இருமினார். பாறைக்குப் பக்கத்தில் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்து மூன்றாம் முறையும் இருமினார். எனக்குப் பாவமாக இருந்தது. அப்போது கீழே ரோட்டில் ஒரு ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அந்த ஜீப் தோட்டத்து மேனேஜரான பெரியதுரையுடையது. பெரியதுரை மலை ஏறுகிற ஆள் இல்லை. ஏறினால் யாருக்காவது வேலை போகும்.

"நங்கி" என்றார் சின்னதுரை, மூச்சு வாங்கியபடி. "இன்னைக்கு தேத்தண்ணி இல்லையா?"

இருமுகிற மனிதர் வாய்விட்டுக் கேட்கிறார். எப்படி இல்லை என்பது? பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினேன். இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி. ஒரு துரை எங்கள் பிளாஸ்க் மூடியை வாயில் வைக்கப் போகிறார்! அவர் வாங்கினார். ஒரு மிடறு குடித்தார். சூடு தாங்காமல் முகத்தைச் சுளித்தார். பிறகு மலையைப் பார்த்துத் திரும்பி, தனக்குத் தெரிந்த தமிழில், எவ்வளவு சத்தம் போட முடியுமோ அவ்வளவு சத்தமாகக் கத்தினார்.

"அம்மா! தேத்தண்ணி ஆறிப்போச்சு!"

மூட்டத்துக்குள் அம்மாவின் சட்டை கானைத் தாண்டியது. கொஞ்ச நேரத்தில் கீழ் வளைவில் பெரியதுரையின் பூட்ஸ் கேட்டது. அவர் ஏறி வந்து, அப்பாவின் மரங்களைப் பார்த்து, வெட்டு நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, சின்னதுரையின் சேற்றுக் காலைப் பார்த்து ஏதோ இங்கிலீஷில் கடிந்துகொண்டு இறங்கிப் போனார். அப்பாவின் கை சரியாக இன்னும் இரண்டு மாதம் ஆனது. அதற்குள் சின்னதுரையை வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆனால் அன்று காலை இதில் ஒன்றும் எனக்கு எட்டவில்லை. அவர் வெறும் மூடியைக் கையில் தந்துவிட்டுப் போன பிறகு பிளாஸ்க்குக்குள் எட்டிப் பார்த்தேன். மிச்சத் தேத்தண்ணியிலிருந்து ஆவி என் முகத்தில் அடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை கொதிக்கக் கொதிக்க ஊற்றித் தந்தது. நாக்குச் சுடக் குடித்துவிட்டு, ஊருக்கே கேட்கும்படி ஆறிப்போச்சு என்று கத்துகிறார். அம்மா சொன்னதுதான் சரி, இந்த ஆளை நம்பவே கூடாது என்று நினைத்துக்கொண்டு, பிளாஸ்க்கை இறுக்கி மூடி எடுத்துக்கொண்டு பாடசாலைக்குப் போனேன்.