அன்ரிக்கு நான் பாடிய தாலாட்டு

டென்மார்க்கின் ஸ்கீவவில் எங்களை வைத்திருந்த அகதி முகாமுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் ஓர் ஐரிஷ் பெண்மணி வருவார். அன்ரி என்று கூப்பிடுவோம். டேனிஷ்காரர் ஒருவரைக் கலியாணம் செய்து இங்கே வந்தவர். ஊருக்குள் அவர், பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி வகுப்புக்குப் பியானோ வாசித்த மனுசி, அவ்வளவுதான். இளவயதில் டப்ளின் மேடைகளில் தன் சொந்த இசையை வாசித்தவர் என்பது அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கணவர் இறந்தபின் ஒரு வரியும் எழுத வரவில்லையாம். எங்கள் பாட்டுகளைக் கேட்டால் திரும்ப வரும் போலிருக்கிறது என்றார்.

எனக்கு அப்போது இருபது வயது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, யாழ்ப்பாணத்து மினிபஸ் வாசலில் தொங்கி ஆள் கூப்பிட்டுத் திரிந்தவன். முகாமில் நான் பகிடி பண்ணாத ஆளில்லை.

ஒருநாள் அன்ரி சாப்பாட்டறைப் பியானோவின் முன்னால் இருந்துகொண்டு, அம்மா பாடிய தாலாட்டு ஏதும் தெரியுமா என்று என்னைக் கேட்டார். நான் கண்ணை மூடினேன். பஸ் வாசலில் கத்தியதையே இழுத்து இழுத்துப் பாடினேன்.

"கொடிகாமம்... மீசாலை... சாவகச்சேரி... ஏறு, ஏறு, உள்ளுக்குப் போ..."

முகாமில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த அண்ணை காதுக்குள் சொன்னார்: "டேய், மனுசி உண்மையெண்டு நம்பப்போகுது."

"நம்பட்டும் அண்ணை. கைதடி வரைக்கும் ஓசியிலை கூட்டிக்கொண்டு போறன்."

அன்ரி மூன்று தரம் பாடச் சொல்லி, சுரங்களைக் குறித்துக்கொண்டார். கருத்தைக் கேட்டார். கடலுக்குப் போய்த் திரும்பாத தகப்பனை நினைத்து அழாதே என்று தாய் பிள்ளைக்குப் பாடுவது என்று அரைகுறை இங்கிலீஷில், கையைக் காட்டிச் சொன்னேன். அவர் பென்சிலை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். என் அப்பா கொடிகாமத்தில் தேங்காய் விற்றுக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து அன்ரி, எழுதி முடித்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை தேவாலய மண்டபத்தில் வாசிக்கப்போகிறேன் என்றார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு எழுதிய முதல் இசை.

"போய் உண்மையைச் சொல்லடா," என்றார் அண்ணை.

"ஓம், ஓம், சொல்லுறன்."

சொல்லவில்லை.

ஞாயிறு பின்னேரம் மண்டபம் நிறைய டேனிஷ் ஆட்கள், கோப்பி, கேக். அன்ரி எழுந்து அந்தத் தாயின் கதையைச் சொன்னார். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். பிறகு வாசித்தார். கொடிகாமமும் மீசாலையும் பியானோவில் மெல்ல மெல்ல வந்தன. 'ஏறு, ஏறு' வந்த இடத்தில் எங்கள் வரிசையில் ஒருவன், "றைட், போகலாம்!" என்றான். வரிசை முழுக்க வெடித்துச் சிரித்தது. அன்ரி நிறுத்தினார். தன் விரல்களைப் பார்த்தார். அந்த இடத்தைத் திரும்ப வாசித்தார். திரும்பவும் சிரிப்பு. அப்படியே முடித்துவிட்டு எழுந்தார்.

கோட்டுகள் தொங்கிய இடத்துக்கு என்னைத் தேடி வந்தார். வலக்கையின் இரண்டு விரல்களைத் தேய்த்தபடி சொன்னார்: "இந்த ரெண்டும் இப்ப சரியா மடங்குதில்லை. உன்ரை அம்மாவின்ரை பாட்டைப் பழுதாக்கிப்போட்டன். மன்னிச்சுக்கொள்."

இனியும் மறைக்க முடியவில்லை. சொல்வதற்கு எனக்குத் தெரிந்த டேனிஷ் போதவில்லை, இங்கிலீஷும் போதவில்லை. கோட்டுக் கம்பியை ஒரு கையால் பிடித்துத் தொங்கி, மற்றக் கையை ஆட்டி, ஊரில் கத்தியது போலவே கத்தினேன்.

"பஸ்ஸா?" என்றார்.

"ஓம், பஸ்."

தன் கோட்டைக் கம்பியிலிருந்து எடுத்தார். "அப்ப நான் அளவுக்கு மிஞ்சி மெதுவா வாசிச்சுப்போட்டன்," என்றார். சிரிக்கவில்லை. ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்த செவ்வாயும் வந்தார். நான் வலியப் போய், எங்கள் கோயிலில் பாடும் மாதா பாட்டொன்றை ஒழுங்காகப் பாடினேன். அவர் எழுதவில்லை. அண்ணையின் பக்கம் திரும்பி, "இது உண்மையான பாட்டுத்தானோ?" என்று கேட்டார். அண்ணை என்னைப் பார்க்காமலே தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.