ஃபாதரின் கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவர்

ஃபாதர் சூசைநாதன் இறந்த செய்தியை அந்தோணிசாமிதான் போனில் சொன்னார். "ஃபாதர் போயிட்டாருங்க. மூச்சுத் திணறல்." கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, "அவரு பேர்ல ஒரு கல்லு வெக்கோணும். நீங்கதான் ரெண்டு வரி எழுதித் தரோணும்" என்றார். அந்தோணிசாமி போர்வெல் ரிக் வண்டி வைத்திருப்பவர். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் எங்கள் பங்குப் பேரவையின் துணைத்தலைவர். ஃபாதர் மீது அவருக்கு இருந்த அன்பு உண்மையானது. இந்தக் கதையில் வருகிறவர்கள் எல்லோருமே அன்பானவர்கள். சிக்கலே அதுதான்.

ராசிபுரம் சாலையில் உள்ள எங்கள் பழைய கோயிலையும் அதை ஒட்டிய சாமியார் வீட்டையும் நீங்கள் பார்த்திருக்கலாம். இரண்டுக்கும் பொதுவாக ஒரே சுவர். அந்தப் பக்கம் பூசை செய்யும் பீடம், இந்தப் பக்கம் ஃபாதரின் கட்டில். தடித்த செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு. தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெயில் காலத்தில் வெளியே விட்டுவிடும். வருகிறவர்களின் கையைப் பிடித்து அதன்மேல் வைப்பார் ஃபாதர். "செவுத்துக்கும் மூச்சு உண்டுங்க. பெயிண்ட் அடிச்சாக்கூடத் திணறும்."

தகப்பனார் நினைவாகப் பீடத்துச் சுவரில் பெயர் பொறித்த டைல்ஸ் ஒட்டித் தருவதாக அந்தோணிசாமி சொன்னபோது ஃபாதர் மறுத்தார்.

"ஏனுங்க ஃபாதர், எங்க ஊட்டுக் குளியலறையே மின்னுது. ஆண்டவர் ஊடு சுண்ணாம்போட நிக்கறதுங்களா?"

"ஆண்டவர் இங்க குளிக்கறதில்லீங்க அந்தோணி."

எல்லோரும் சிரித்தார்கள். ஃபாதர் ஆண்டுத் தியானத்துக்குப் போய்த் திரும்பியபோது சுவர் முழுக்க டைல்ஸ் மின்னியது. ஊரில் இறந்த தகப்பன்மார் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள்.

அடுத்த மழையில், அந்தப் பக்கம் வழி அடைபட்ட ஈரம் இந்தப் பக்கம் வந்தது. கட்டிலுக்கு மேலே பூச்சு உதிர்ந்து பூஞ்சை படர்ந்தது. ஃபாதர் இருமத் தொடங்கினார். அறையை மாற்றச் சொன்னார் சேலத்து டாக்டர். இன்னொரு அறையில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு நடந்ததால் அவர் மாறவில்லை. டைல்ஸை உடைத்தெறியச் சொன்னேன். பூசை முடிந்ததும் மகன்கள் அந்தப் பெயர்களைத் தொட்டு முத்தமிடுவதை அவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரோட அப்பன்ல இருந்து ஒடைக்க ஆரம்பிக்கறதுங்க?" என்று கேட்டார்.

கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்தினார். பிறகு இன்னொரு முழம். நான் கடைசியாகப் பார்த்தபோது அது வராந்தாக் கதவை இடித்துக்கொண்டு கிடந்தது.

அடக்கம் முடிந்து அந்த வராந்தாவிலேயே பேரவை கூடியது. பீடத்துப் பக்கம் பெயர்களால் நிரம்பிவிட்டதால், கல் வைக்க அதே சுவரின் ஃபாதர் படுக்கையறைப் பக்கம் மட்டுமே பாக்கி. எழுதியதைக் கொடுத்தேன்: "இந்தச் சுவரில் எதையும் ஒட்டாதீர்கள்."

அந்தோணிசாமி இரண்டு முறை படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஃபாதர் நேர்ல பேசறாப்லயே இருக்குதுங்க. கிரானைட்டுல வெட்டி ஒட்டிரலாம்."

யாரும் மறுக்கவில்லை.

ஃபாதரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். அன்று புறப்படும்போது அவருடைய அறைச் சுவரிலும் வைத்தேன். கை நனைந்தது.