இடப்பக்க ஆட்டக்காரர்

டுரியான் துங்கால் அணைக்கட்டுச் சாலையில் நான் காலையில் ஓடப்போகும்போதெல்லாம் அவர் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருப்பார். ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லி, கொஞ்சம் வளைந்த கால்கள். பந்தாட்டக்காரர்கள் போடும் நீளக் காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டிருப்பார். கொஞ்ச தூரத்துக்கு ஒருதரம் வலப்பக்கம் திரும்பிப் பார்ப்பார். அங்கே செம்பனை மரங்கள்தான் நிற்கும்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "அங்க என்ன அண்ணே பாக்குறீங்க?"

"தோட்டத்து டீம்ல நான் லெஃப்ட் விங். பந்து அந்தப் பக்கமிருந்துதான் வரும். பழகிப்போச்சு லா."

"இப்ப விளையாடறதில்லையா?"

"தோட்டத்த வித்துட்டாங்க. ஜொகூரு, சிங்கப்பூருன்னு ஆளுக்கொரு பக்கமா போயிட்டானுங்க. பந்துக்குப் பதினோரு பேர் வேணும். ஓடுறதுக்கு நான் ஒருத்தன் போதும் லா."

மலாக்காவில் நடந்த மூத்தோர் நெடுந்தூர ஓட்டத்தில் அவர்தான் முதலில் வந்தார். முடிவுக் கோட்டைத் தாண்டியதும், கோல் போட்டவர்போல இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு பின்பக்கம் திரும்பி ஓடினார். இரண்டாவதாக வந்தவர் அவரைவிட்டு விலகிக் கடந்துபோனார். இவர் நாலடி ஓடி நின்றார். விரித்த கைகளை முழங்காலில் ஊன்றி, மூச்சு வாங்குகிறவர்போலக் குனிந்துகொண்டார்.

நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன். தாண்டிப் போய் அவரைக் கட்டிப்பிடித்திருக்கலாம். ஏன் போகவில்லை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.