நிற்கிற டீச்சரும் புதுமாப்பிள்ளையும்

நான்கு வருடமாக நான் பஸ்ஸில் உட்கார்ந்ததில்லை. யாராவது எழும்பி இடம் தந்தாலும், அடுத்த தரிப்பில் இறங்கிவிடுவேன் என்று பொய் சொல்லிவிட்டு இன்னும் பத்துத் தரிப்பு நின்றுகொண்டே போவேன். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில்தான் நான் படிப்பித்த பள்ளிக்கூடம். வாவியைக் கடக்கும், நாங்கள் பாதை என்று சொல்கிற மிதவைப் படகிலும் நின்றபடிதான் பயணம். வகுப்பிலும் கதிரையைத் தொடமாட்டேன். பரிசோதனைக்கு வந்த கல்வி அதிகாரி ஒருவர், எட்டுப் பாடமும் நின்றே படிப்பிக்கிற ஆசிரியை என்று என்னைக் காலைக் கூட்டத்தில் பாராட்டிக் கைதட்ட வைத்தார். நானும் வெட்கமில்லாமல் தலையைக் குனிந்து அதை ஏற்றுக்கொண்டேன்.

உண்மைக் காரணம் என் சேலையின் பின்பக்கம். மாதத்தில் ஒன்பது நாள், அதில் நான்கு நாள் குழாய் திறந்துவிட்டது மாதிரி. என் அலுமாரியில் கறுப்பு, கடும் நீலம், மண்ணிறம் தவிர வேறு நிறம் இல்லை. பத்தாம் வகுப்புக்குக் கருப்பையின் படத்தைக் கரும்பலகையில் கீறிப் பாகம் குறிக்கச் சொல்பவள்தான் நான். வீட்டில் அந்தச் சொல்லை ஒரு தடவை சொன்னதில்லை.

எனக்கென்று ஒரு வீடு இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. களுவாஞ்சிக்குடிக் கடற்கரையோரம் அப்பா எனக்காகக் கட்டி, நிலம் பூசுவது மட்டும் மிச்சமிருந்த வீட்டைச் சுனாமி அத்திவாரத்தோடு கொண்டுபோனது. பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் மிகுந்த மரியாதையோடு மூன்று மாதம் கவலைப்பட்டுவிட்டு, வீடு உள்ள இடத்தில் காரியத்தை முடித்துக்கொண்டார்கள். நான் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அந்த வருடந்தான் இந்தப் பெருக்கும் தொடங்கியது. அதற்குப் பிறகு சண்டை, இடம்பெயர்ந்து வந்த சனம், வீட்டுக்கு வீடு ஆளைத் தேடுகிற காலம். அதற்குள் என் சேலைக் கவலையை யாரிடம் போய்ச் சொல்வது?

சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோ சொல்லிச் சில மாதம் கழித்து, ஒரு காலையில் நான் மிதவைப் பாதையிலேயே மயங்கி ஒரு கோழிக்கூட்டின் மேல் விழுந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கோழிகளைச் சமாதானப்படுத்தத்தான் கரை வரும்வரை எடுத்தது. இரத்தம் சோதித்தபோது, பன்னிரண்டு இருக்கவேண்டிய அளவு ஏழரை என்று வந்தது. ஏழரைச் சனிதான் என்று அக்கா அடுத்த சனிக்கிழமையே கோயிலில் எள்ளெண்ணெய் எரித்தாள்.

பிறகு வீட்டில் கூட்டம் வைத்தார்கள். அக்காவின் முடிவு தெளிவாக இருந்தது: ஒப்பரேசன் செய்து எடுத்துவிடுவது. எங்கள் மச்சாள் ஒருத்தி அப்படி எடுத்துவிட்டு, இப்போது ராசாத்தி மாதிரி இருக்கிறாளாம். முப்பத்தேழு வயது, இனிக் கலியாணமா காட்சியா, வைத்திருந்து என்ன செய்யப்போகிறாய் என்று அக்கா கேட்டாள். அவள் மனதில் துளி வஞ்சம் கிடையாது. பழைய மிக்சியைத் தூக்கிப்போடச் சொல்வது மாதிரித்தான் சொன்னாள். கோயில் வண்ணக்கரான அத்தான், அதாவது கோயில் நிர்வாகத்தைக் கையில் வைத்திருக்கும் பெரிய மனிதர், பேச்சு எங்கே போகிறது என்று விளங்கியதும் கிணற்று மோட்டரைப் பார்க்க எழுந்து போய்விட்டார். அன்று அந்த மோட்டர் நன்றாகத்தான் ஓடியது.

மட்டக்களப்பு டவுனில் ஒரு பெண் டொக்டரிடம் போனோம். என்னைவிட வயதில் சின்னவ. ஸ்கேனைப் பார்த்துவிட்டு, கட்டி கிட்டி ஒன்றும் இல்லை, இதற்கு வழிகள் பல இருக்கின்றன என்று ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினா. பெருக்கு உள்ள நாட்களில் மட்டும் குடித்தால் அதைக் குறைக்கிற குளிசை ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் ஊசி. தொடக்கத்தில் கண்ட கண்ட நேரத்தில் கொஞ்சம் படும், பிறகு அடங்கும். கருப்பைக்குள்ளே வைக்கிற ஹோமோன் லூப். ஐந்து வருடம் கவலையில்லை, நல்ல பலன் தருவது, ஆனால் கொழும்பிலிருந்து எடுப்பிக்கவேண்டும். அதைக் கேட்டதும் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையும் இதற்கு மருந்துதான் என்று டொக்டர் சொன்னபோது, பொத்திய கையை எடுக்கவே இல்லை. கடைசியாகத்தான் ஒப்பரேசன். அதை எப்போதும் செய்யலாம், செய்தபிறகு திருப்பி வைக்க முடியாது என்றா.

எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. இரத்தம் இல்லாத மண்டையோ என்னவோ, அடக்கவே முடியவில்லை. என் வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவர் இத்தனை சாமானை முன்னால் பரப்பி, எது வேண்டும் என்று கேட்கிறார்.

"கர்ப்பப்பை உங்களுக்கு இருக்கவேணும் எண்டு விருப்பமா?" என்று டொக்டர் கேட்டா.

"அவக்கு என்னத்துக்கு டொக்டர்?" என்றாள் அக்கா.

"நான் டீச்சரிட்டத்தான் கேட்டனான்."

"எனக்கு வேணும்" என்றேன்.

என்னத்துக்கு என்று அடுத்த கேள்வி வந்திருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. ஒரு வீட்டைக் கடல் என்னிடம் கேட்காமலே கொண்டுபோய்விட்டது. இதையும் நாலு பேர் கூடி இருந்து கொடுத்துவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

நான் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையைத் தெரிந்தெடுத்தேன். விருப்பமில்லாவிட்டால் நானே நிறுத்தலாம் என்பது பிடித்திருந்தது. டொக்டர் பிரசர் பார்த்தா. ஒற்றைத் தலையிடி உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் கட்டிய வருத்தம் உண்டா என்று விசாரித்தா. சிகரெட் குடிப்பீர்களா என்றதும் அக்கா கதிரை அதிரச் சிரித்தாள். இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு குடிக்கவேண்டாம் என்று சொல்லி, மூன்று மாதத்தில் வரச் சொன்னா. வெளியே வந்ததும் அக்கா தன் தீர்ப்பைச் சொன்னாள்: மூன்று மாதம் பார்க்கலாம், சரிவராவிட்டால் பொங்கல் முடிய ஒப்பரேசன். அதற்குள் ஊருக்குள் ஒரு கதை வந்தாலும் ஒப்பரேசன்தான்.

கதை வர நிறைய வழி இருந்தது. எங்கள் ஊர் மிட்வைஃப் வீடு வீடாகப் போய்க் குளிசை கொடுப்பா, ஆனால் அவவின் கொப்பியில் கலியாணம் முடித்த பெண்களின் பெயர்தான். எங்கள் ஊர்ப் பாமசிக்காரர் அத்தானோடு ஒரே வகுப்பில் படித்தவர். கலியாணம் முடிக்காத டீச்சர் அந்தக் குளிசையை வாங்கினாள் என்றால் மத்தியானத்துக்குள் சந்தை முழுக்கத் தெரிந்துவிடும்.

"வருசா வருசம் கோயில் சடங்குக்கு நாள் தள்ளிப்போட நீங்க குடிக்கிறது என்ன, கடலை முட்டாசா?" என்று கேட்டேன். "அதுவும் இந்தச் சாதி மருந்துதான்."

சடங்கு நெருங்கினால் எங்கள் ஊர்ப் பெண்கள் அந்தக் குளிசையைச் சாம்பிராணி, கற்பூரத்தோடு சேர்த்து, கூச்சமில்லாமல் வாங்குவார்கள். சாமிக்காக என்றால் வெட்கமில்லை, எனக்காக என்றால்தான் வெட்கமா? பஸ் காத்தான்குடியை நெருங்கும்வரை அக்கா யோசித்தாள். பிறகு என் கையைப் பிடித்து இறக்கினாள். இங்கே தெரிந்தவர் யாரும் இல்லை, நீ வாய் திறக்காதே, நான் எனக்கென்று வாங்குகிறேன் என்றாள்.

பாமசியில் தொப்பி போட்ட, நிதானமான ஒருவர் இருந்தார். அக்கா டொக்டர் எழுதிய துண்டை நீட்டி, எனக்குத்தான் என்று தேவைக்கு அதிகமான சத்தத்தில் சொன்னாள். அவர் அக்காவின் நரைத்த வகிட்டைப் பார்த்தார். ஏதாவது வருத்தத்துக்கு மருந்து பாவிக்கிறீர்களா என்று கேட்டார். பிரசருக்குப் பத்து வருடமாகக் குளிசை குடிக்கிறேன் என்று அக்கா பெருமையாகச் சொன்னாள்.

"அப்ப இது உங்களுக்கு ஒத்துவராது அக்கா. நான் தரமாட்டன்" என்றார் அவர்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பற்பசை விளம்பரத்தைப் பார்த்தேன். கடைசியில் அவள் விரலை என் பக்கம் நீட்டி, இவவுக்குத்தான் என்றாள். அவர் துண்டில் இருந்த வயதைப் பார்த்தார், ஒரு கேள்வியும் கேட்காமல் மூன்று குளிசைப் பக்கெட்டைப் பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்தார். பஸ் வரும்வரை நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு சோதனைச் சாவடியில் நின்றது. அப்போதெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கி ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசையாக நடந்து போகவேண்டும். மேசையில் இருந்த பெண் சிப்பாய் அக்காவின் கைப்பையைக் கவிழ்த்து, பத்திரிகைத் தாளைப் பிரித்தாள். பக்கெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அது என்னவென்று விளங்கியதும் அக்காவைப் பார்த்து ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரிச் சிரித்தாள். தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. அதற்கு நேர் எதிரே, ஆண்கள் வரிசையில், மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்குப் போய்த் திரும்பிய எங்கள் அத்தான் அடையாள அட்டையும் கையுமாக நின்றார்.

இரண்டு நாள் அவர் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி அக்காவிடம் சொன்னார்:

"அந்தக் குளிசை உனக்குக் கூடாது. பிரசர் உள்ள ஆக்கள் குடிக்கப்படாதாம். விசாரிச்சனான்."

இரண்டு நாளும் மனிதர் கவலைப்பட்டுத் திரிந்திருக்கிறார். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள், அவர் கேட்கக் கூடாத சொற்கள் உட்பட. அத்தான் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார், கை கழுவினார், துவாயைத் தோளில் போட்டார்.

"தங்கச்சி ஒப்பரேசன் வேணாம் எண்டா சொல்றா?"

நான் ஓம் என்றேன்.

"அப்ப விடுங்க. அவட உடம்பு. அவ சொல்றதுதான்" என்று சொல்லிவிட்டு மோட்டரைப் பார்க்கப் போனார்.

முதல் மாதம் குமட்டியது. இரண்டாம் மாதம் ஏழு நாள். மூன்றாம் மாதம் நாலே நாள், அதுவும் மரியாதையான நாலு நாள். இரத்தம் பத்தைத் தாண்டியது. அந்த வாரம் பஸ்ஸில் ஒருவர் எழும்பி இடம் தந்தபோது நான் உட்கார்ந்தேன். அந்தக் கிழிந்த சீற்றில் சாய்ந்து, என் தரிப்பையும் தாண்டி இரண்டு தரிப்பு போய், திரும்பி நடந்து வந்தேன். பள்ளிக்கூடத்தில் நான் கதிரையில் இருந்ததைப் பார்த்த அதிபர், டீச்சருக்குச் சுகமில்லையோ என்று ஆளனுப்பிக் கேட்டார். சந்தன நிறத்தில் ஒரு சேலை எடுத்தேன். பொங்கல் வந்தது, போனது, ஒப்பரேசனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

குளிசை மட்டும் மாதம் தவறாமல் குளிர்சாதனப் பெட்டியின் மேல், பத்திரிகைத் தாளில் சுற்றியபடி இருக்கும். அக்காதான் காத்தான்குடிக்குப் போய் வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் அத்தானைப் புதுமாப்பிள்ளை என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். சிவராத்திரிக்கு வாங்கிப் போட்ட புதுச் சேட்டால்தான் அந்தப் பெயர் என்று அதையும் நானாகவே நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கோயில் சடங்கில், எங்கள் ஊர்ப் பாமசிக்காரரின் மனைவி அக்காவின் விலாவில் இடித்தாள்.

"குடுத்து வச்சனி கா. அம்பத்தஞ்சு வயசில, மாசம் பிறந்தாக் காணும், வண்ணக்கர் கடை வாசலில நிக்காரு."

அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவளும் நான்தான் வாங்குகிறேன் என்று நினைத்திருக்கிறாள். ஒரு கதை வரக்கூடாது என்று நாங்கள் பயந்து ஓடிய அதே கடையில், கூட்டாளிகள் முன்னால், யாருக்கு என்று கேட்டால் வீட்டுக்கு என்று மட்டும் சொல்லி, இத்தனை மாதமாக அந்தக் கதையைத் தன் தலையில் வாங்கிக்கொண்டிருக்கிறார் மனிதர். எனக்கு அந்தக் கூட்டத்துக்குள் கண் நிறைந்துவிட்டது. அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அடுத்த மாதப் பிறப்பன்று சந்தன நிறச் சேலையோடு நானே அந்தப் பாமசிக்குப் போனேன். பெயரைச் சொல்லிக் கேட்டேன். அத்தானின் கூட்டாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"யாருக்கு டீச்சர்?"

"எனக்கு" என்றேன். "ரெண்டு பக்கெட் தாங்க."

அவர் எடுத்துத் தந்தார். பத்திரிகைத் தாளைத் தேடினார். வேண்டாம் என்று கையிலேயே வாங்கிக்கொண்டு வந்தேன். அன்று பின்னேரம் அத்தான் தேத்தண்ணிக் கடையிலிருந்து வழமையைவிட வேளைக்கே வீட்டுக்கு வந்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். இனி நானே வாங்குகிறேன் அத்தான் என்று சொன்னேன்.

"வாங்குங்க தங்கச்சி" என்றார். "எண்டாலும் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம். புதுமாப்பிள்ளை எண்ட பேரும் போச்சு."