மாப்பிள்ளை முகமும் மணப்பெண் உடையும்

எங்கள் கிரேக்கத் தீவின் ஒரே போட்டோக்காரர் என் புருஷன் ஆர்கிரிஸ். அதனால்தான் பிழைப்பு ஓடுகிறது. முன்பெல்லாம் எல்லாவற்றையும் கேமராவின் விருப்பத்துக்கே விட்டுவிடுவார். அந்த அரைகுறையோ வெள்ளைச் சுவரைக் கண்டால் மிரண்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடும். தேவாலயம் சாம்பல் பூசியதுபோல வரும். ஊரே சிரித்த பிறகுதான், வெளிச்சம் நுழையும் லென்ஸ் துவாரத்தை எவ்வளவு திறப்பது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்று சாப்பாட்டு மேசையிலும் முணுமுணுத்துக் கற்றுக்கொண்டார். சூப் ஆறும். என் வாய் சும்மா இருக்காது.

எங்கள் ஊர்ப் பெண் எவ்தோகியாவின் கல்யாணம் உச்சி வெயிலில். மாப்பிள்ளை ஸ்த்ராதிஸ் அன்று மாலையே சரக்குக் கப்பல் வேலைக்குக் கிளம்ப வேண்டும். திரும்பி வர அடுத்த கோடை ஆகிவிடும். “ஒரே ஒரு படம் போதும். அதுல அவர் மூஞ்சி நல்லாத் தெரியணும்” என்று அவள் கேட்டிருந்தாள். தேவாலய வாசலில் காத்திருக்கும் மாப்பிள்ளை, வந்து சேரும் பெண்ணிடம் பூங்கொத்தைக் கொடுப்பானே, அந்தப் படம்.

கல்யாணத்தன்று காலையில் ஒத்திகை. கறுப்புக் கோட்டில் ஸ்த்ராதிஸ் வாசல் வளைவின் நிழலில் நின்றான். பெண்ணுக்குப் பதிலாக, வெள்ளை மேசை விரிப்பைப் போர்த்தி என்னை வெயிலில் நிறுத்தினார் ஆர்கிரிஸ். துவாரத்தைக் குறைத்தால் நான் துலக்கமாக வந்தேன், அவன் கரிக்கட்டை. கூட்டினால் அவன் முகம் வந்தது, நான் வெளுத்துக் காணாமல் போனேன். பார்த்துக்கொண்டிருந்த இரண்டு அம்மாக்களும் சண்டை பிடித்துக்கொண்டார்கள். தான் தைத்த பூவேலை தெரியாவிட்டால் படமே வேண்டாம் என்றாள் பெண்ணின் அம்மா அந்தூலா. “என் புள்ள இருட்டுல நிக்க, அவன் என்ன திருடனா?” என்றாள் பையனின் அம்மா கல்லிரோயி.

வேர்த்துக் கொட்டியதால் விரிப்பைக் கழற்றி உதறினேன். அதில் பட்ட வெயில் தெறித்து ஸ்த்ராதிஸின் முகம் பளிச்சென்றது. ஆர்கிரிஸ் சத்தியமாக என்னை முத்தமிட்டார், அதுவும் பாதிரியார் முன்னால்.

பிறகு அம்மாக்களிடம் திரும்பினார். “அக்கா, கல்யாணத்துல ரெண்டு பேரும் இந்த விரிப்ப ஆளுக்கு ஒரு முனையப் புடிங்க. ஆட்டுனீங்கன்னா மூஞ்சி போச்சு.”

“அப்ப நாங்க படத்துல இருக்க மாட்டோமா?” என்றாள் அந்தூலா.

மாட்டீர்கள் என்றார். கல்லிரோயிதான் முதலில் முனையைப் பிடித்தாள்.

கல்யாண நேரத்தில் பெண்ணின் உடைக்குத் தகுந்தபடி துவாரத்தைக் குறைத்தார். முகத்தை விரிப்பு பார்த்துக்கொண்டது. பூங்கொத்து கைமாறும் வரை இரண்டு சம்பந்திகளும் மூச்சுக்கூட விடவில்லை.

கப்பல் கிளம்பியதும் எவ்தோகியா துறைமுகத்திலேயே கேமராவை வாங்கிப் பார்த்தாள்.

“ஷேவ் பண்றப்ப தாடையில வெட்டிக்கிட்டாரா? காலையில இருந்து அழுதுக்கிட்டே இருந்துட்டேன், அக்கா. அவர் மூஞ்சிய இப்பத்தான் பாக்குறேன்.”

ஆர்கிரிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த நேரத்தில், வெயில் கூசுகிறது என்றார். பாவி மனுஷனுக்குப் பொய்கூடச் சொல்ல வராது.